வெயில் பக்கத்து சீட்டு

இன்றைக்கு நான் வெயில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். தெரியாமல் உட்காரவில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து காலையில் மதுரைக்குப் போனாலும் சரி, மத்தியானத்துக்கு மேல் மதுரையிலிருந்து திரும்பினாலும் சரி, டிரைவர் பக்கம்தான் வெயில் அடிக்கும். மற்றவர்கள் பஸ்ஸில் ஏறினால் சீட்டு காலியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், நான் சூரியன் எந்தப் பக்கம் என்று பார்ப்பேன், நிழல் பக்கம் இடம் இல்லையென்றால் நின்றுகொண்டே போவேன், விவரம் தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான். இன்றைக்கு நிழல் பக்கம் இரண்டு பேர் சீட்டு காலியாகவே கிடந்தது. "மச்சான், இங்க வாங்க" என்று என் பெண்டாட்டி பேச்சி அதில் பையைப் போட்டு இடம் பிடித்துவிட்டுக் கூப்பிட்டாள். எனக்கு நன்றாகக் கேட்டது. அறுத்தது போக மிச்சமிருக்கிற காதிலும் கேட்கிறது, முழுசாக இருக்கிற காதிலும் கேட்கிறது. ஆனாலும் நான் போய் எதிர்ப் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். "என்ன மச்சான் இது, மூஞ்சியிலயே அடிக்குது. எந்திரிங்க." "காத்து வரட்டும், குமட்டுது" என்றேன். குமட்டவில்லை. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, சேலை முந்தானையை இழுத்து ஜன்னல் கம்பியில் சொருகப் பார்த்தாள். பஸ் இன்னும் கிளம்பவே இல்லை, அதற்குள் முந்தானை இரண்டு தடவை நழுவி விழுந்துவிட்டது. "விடு பேச்சி" என்றேன். அவள் விட்டுவிட்டாள். வேறொரு நாளாக இருந்தால் விட்டிருக்க மாட்டாள், சண்டை போட்டிருப்பாள், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் உட்கார வைத்திருப்பாள். சட்டென்று விட்டாள் பாருங்கள், அதிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

அதற்கு முன்னாலேயே தெரியும். மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை வெளியில் உட்காரச் சொன்னபோதே தெரியும். போன தடவைகளில் எல்லாம் நானும் அவளும் சேர்ந்துதான் உள்ளே போவோம், டாக்டர் என்னைத்தான் திட்டுவார், கட்டு ஏன் ஈரமாக இருக்கிறது, மாத்திரையை ஏன் நேரத்துக்குப் போடவில்லை, கழுத்தை ஏன் இப்படிக் கோணலாக வைத்துக்கொள்கிறாய் என்று. திட்டுகிற வரைக்கும் எனக்குத் தைரியமாக இருந்தது. காதில் பாதியை எடுத்த அன்றைக்குக்கூட அவர் திட்டினார், அப்புறம் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வார்கள், தோல் வெந்து உரிந்தது, அப்போதும் திட்டினார். இன்றைக்கு ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என் தோளில் கையை வைத்து, "வெளிய கொஞ்சம் உக்காருங்கய்யா, நான் அம்மாட்ட பேசிட்டு அனுப்புறேன்" என்றார். ஐயா என்று அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. தோளில் அந்தக் கை எவ்வளவு கனமாக இருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தாடைக்குக் கீழே இருக்கிற கட்டியைத் தொட்டுப் பார்த்தேன். முதலில் புளியங்கொட்டை மாதிரி இருந்தது, தோலுக்கு அடியில் நழுவி நழுவி ஓடும், இப்போது நழுவுவது இல்லை, எலும்போடு எலும்பாக உட்கார்ந்துவிட்டது. பேச்சி வெளியே வரும்போது முகம் கழுவியிருந்தாள். டாக்டர் அறையில் கை கழுவுகிற தொட்டி உண்டு, அதில் கழுவியிருப்பாள். காதோரம் முடியெல்லாம் ஈரம். "ஒண்ணுமில்ல மச்சான், மருந்துலயே கரைஞ்சிருமாம். பொங்கல் கழிச்சு வந்தாப் போதும்னாரு. பிடிச்சதெல்லாம் சாப்பிடச் சொன்னாரு." சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். பொங்கல் கழித்து. இது ஆவணி. ஒவ்வொரு வாரமும் வரச் சொன்ன மனுஷன், ஒரு நாள் தவறினால் கத்துகிற மனுஷன், பொங்கல் கழித்து வரச் சொல்கிறார். பொங்கல் கழித்து யார் வருவது? பேச்சி வருவாளா? எதற்கு வருவாள்? இந்த ஒரு வார்த்தை இருக்கிறதே, மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினதிலிருந்து இதையே சுற்றிச் சுற்றி வருகிறது மனசு. பொய் சொல்கிறவள் ஏன் அவ்வளவு தூரத்தில் ஒரு நாளைச் சொன்னாள்? அடுத்த மாதம் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனே. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. இன்றைக்கு மத்தியானம்தான் பழக ஆரம்பித்திருக்கிறாள்.

பஸ் வளையங்குளம் தாண்டினதும் வெயில் முழுசாக என் மேல் விழுந்தது. பேச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார்கள், மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறார்களாம், மடியில் ஒரு தூக்குவாளி. கொஞ்ச நேரம் என்னைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே வந்தார்கள். எனக்குப் பார்வை மட்டம், கண்மணி ஒரு இடத்தில் நிற்காது, எந்நேரமும் ஆடிக்கொண்டே இருக்கும், கைக்கெட்டுகிற தூரத்துக்கு மேல் எல்லாமே தண்ணிக்குள் தெரிகிற மாதிரிதான் தெரியும். ஆனால் யாராவது என்னைப் பார்த்தால் மட்டும் எவ்வளவு தூரத்திலிருந்தாலும் தெரிந்துவிடும். கடைசியில் பேச்சியிடம் கேட்டார்கள், "பொறவிலேயே இப்பிடியாத்தா?" "ஆமாம்மா." "ஒட்டுமோ?" "ஒட்டாதும்மா. தோல்ல கறுப்பே சுரக்காது, அவ்வளவுதான்." "கழுத்துல என்ன கட்டு?" பேச்சி என் காலரை இழுத்துக் கட்டை மறைத்தாள். "கொப்புளம்" என்றாள் அப்புறம். அந்த அம்மா நல்ல மனசோடுதான் சொன்னார்கள், "அதான் வெயில் பக்கம் உக்காந்திருக்காரோ. உக்காரட்டும், உக்காரட்டும். வெயிலு பட்டா உடம்பு கறுக்குமில்ல, கொஞ்சம் கறுத்தா நல்லாத்தான இருக்கும்." எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கட்டு இழுக்கும், அதனால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். கறுக்காது அம்மா. சிவக்கும், பொங்கும், உரியும், புள்ளி புள்ளியாய்த் தடிக்கும், ஆனால் கறுக்கவே கறுக்காது. பிறந்தபோது குலசாமி பேரை வைத்துக் கருமலையான் என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பையன்கள் எனக்குப் பால்கோவா என்று பேர் வைத்தார்கள். மில்லில் தொரை. காற்று அடிக்கிற வேலைக்குப் போன பெட்ரோல் பங்க்கில் வெள்ளைக்காரர். கருமலையான் என்று வாய் நிறையக் கூப்பிடுகிற ஆள் ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடுகிற நர்ஸம்மா மட்டும்தான், கூப்பிட்டுவிட்டு நான் எழுந்து வருவதைப் பார்த்ததும் டோக்கனை இன்னொரு தரம் பார்ப்பார்கள்.

மில்லில் இருந்த வரைக்கும் எனக்கு ஒன்றும் இல்லை. உள்ளே ட்யூப்லைட் வெளிச்சம், பஞ்சுத் தூசி, எல்லோரும் தலை முதல் கால் வரை வெள்ளையாக இருப்பார்கள், அங்கே நான் ஒரு வித்தியாசமான ஆளே இல்லை. ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது ஆளுக்கு ஆள் உதறிக்கொள்வார்கள், "தொரை, நீயும் நல்லா ஒதறுடா" என்று கேலி பண்ணுவார்கள், நானும் உதறுவேன். மில்லை மூடினதும் பார்வை மட்டமானவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? பங்க் முதலாளி கொடுத்தார். பெட்ரோல் போடுகிறவர்களுக்கு மேலே பெரிய கூரை உண்டு. காற்று அடிக்கிற மெஷின் கூரைக்கு வெளியே, மதில் ஓரத்தில், மொட்டை வெயிலில் இருந்தது. காற்று பிடிக்கக் கண் தேவையில்லை, அளவு சரியானால் மெஷினே கத்தும், குனிந்து வால்வைத் தொட்டுத் தெரிந்துகொள்ளலாம். குனிந்தால் முகம் நிழலில் இருக்கும், காதும் பிடரியும் வெயிலில் இருக்கும். தொப்பி கொடுத்தார்கள், முன்னால் மட்டும் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கிற தொப்பி, மூக்கைக் காப்பாற்றும், காதைக் காப்பாற்றாது. தலையில் துண்டைச் சுற்றிக்கொள்கிறேன் என்று கேட்டேன். "யூனிஃபார்ம்னா யூனிஃபார்ம்தான்யா, ஒனக்கு ஒருத்தனுக்காக மாத்த முடியுமா" என்றார் முதலாளி. கெட்டவர் இல்லை, அவர் எனக்காக ஒரு பெரிய குடைகூட நட்டு வைத்தார், ஆடிக் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டது. காதின் மேல் மடிப்பில் சொரசொரவென்று ஒன்று வந்தது, உப்புத்தாள் மாதிரி. தொட்டால் உதிரும், மறுபடி வரும். என் உடம்பில் அந்த மாதிரி எத்தனையோ வந்து போயிருக்கின்றன, புறங்கையில், மூக்கில், உதட்டில். அப்புறம் அது வெடித்தது. தெருமுனை டாக்டரிடம் காட்டினேன், "வெயில் கொப்புளம்தான்" என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். ஆறுகிற மாதிரி ஆறும், தலையணையில் ரத்தம் பட்டிருக்கும், மறுபடி போவேன், அவர் வேறொரு களிம்பு கொடுப்பார். வலிக்கவில்லை. அதுதான் சனியன், வலிக்கவே இல்லை. கொஞ்சம் வலித்திருந்தால் அலறிக்கொண்டு ஓடியிருப்பேன். வலிக்காத ஒன்றைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு யார் போவார்கள், லீவு போட்டுவிட்டு, அதுவும் காதில் ஒரு சொறிக்காக.

காரியாபட்டியில் தூக்குவாளி அம்மா இறங்கினார்கள். இறங்கும்போது பேச்சியின் கன்னத்தைத் தடவி, "கவலப்படாத தாயி" என்றார்கள். எப்படித் தெரிந்தது அவர்களுக்கு? பேச்சி அழவில்லை, முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெயில் என் முழங்கைக்கு மேல் ஏறிவிட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டேன். நான் சட்டைக் கையை மடித்துப் பேச்சி பார்த்ததே இல்லை, என் மாமா மகள், பாவாடை கட்டுகிற வயசிலிருந்து என்னைத் தெரிந்தவள், அவளே பார்த்ததில்லை. அவள் திரும்பி என் கையைப் பார்த்தாள். இந்த வெயிலில் என்னதான் இருக்கிறது என்று சின்ன வயசில் எனக்கு ஆசை. எல்லாப் பிள்ளைகளும் அதில் கிடந்தார்கள், நான் மட்டும் வகுப்பறை ஜன்னலுக்கு உள்ளே நின்று சத்தத்தை வைத்து யார் அவுட்டானது என்று கண்டுபிடிப்பேன். இப்போது ஒரு கை முழுக்க வெயில். முதலில் இதமாகத்தான் இருக்கிறது, யாரோ வெதுவெதுப்பான துணியைப் போர்த்துகிற மாதிரி. இதற்கா இத்தனை வருஷம் பயந்தேன்? கொஞ்சம் பொறுத்தால் தோலுக்கு அடியில் எறும்பு ஊருகிறது, அப்புறம் ஊசி. நாளைக்குக் கை சிவந்து பொங்கும், நாளை மறுநாள் தோல் உரியும். உரியட்டும். இனிமேல் வெயில் என்னை என்ன செய்யும்? செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டது. இப்படி நினைத்ததும் ஒரு நிமிஷம் உடம்பெல்லாம் லேசான மாதிரி இருந்தது, நெஞ்சில் காற்றுக்கூட நன்றாகப் போனது. ஒரே ஒரு நிமிஷம்தான். அப்புறம் சுபி ஞாபகம் வந்தது.

சுபிக்ஷா பிறந்தபோது பேச்சியின் பக்கத்தில் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். எனக்குக் குழந்தையின் முகம் தெரியவில்லை, குனிந்து குனிந்து மூக்கு அதன் நெற்றியில் இடிக்கிற மட்டும் போனேன், அப்போதுதான் கண்ணிமை தெரிந்தது. வெள்ளை. பஞ்சு மாதிரி. நான் நிமிரவே இல்லை. "மச்சான், ஏதாச்சும் பேசுங்க" என்றாள் பேச்சி. என்ன பேசுவது? நர்ஸ் கேட்டார், "சொந்தத்துலயா கட்டிருக்கீங்க?" ஊரில் எல்லோரும் சொந்தத்தில்தான் கட்டுகிறார்கள். எல்லோருக்கும் கறுப்பாகத்தான் பிறக்கிறது. பிள்ளைக்குப் பல் முளைக்கிற சமயம் ஊரில் ஒரு தோல் நோய் முகாம் போட்டார்கள், அங்கே ஒரு டாக்டரம்மா, சின்னப் பொண்ணு, சுபியை மடியிலேயே வைத்துக்கொண்டு எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். முழுக்கைச் சட்டை போட்டு விடுங்க. அகலமான தொப்பி, சுத்தி வர நிழல் விழுகிற தொப்பி, காதும் பிடரியும் மறையணும். நடுப்பகல்ல வெளிய விடாதீங்க. வெளிய போறதுக்கு முன்னாடி இந்தக் கிரீமைத் தடவுங்க, வேர்த்தா மறுபடி தடவுங்க. குளிப்பாட்டும்போது உடம்பு முழுக்கப் பாருங்க, காது மடிப்பு, உதடு, பிடரி. ஒரு மாசமா ஆறாத புண்ணு, தானா ரத்தம் கசியிற புண்ணு, எதுவா இருந்தாலும் உடனே தூக்கிட்டு வாங்க, சின்னதா இருக்கும்போதே வந்தா வெட்டி எடுத்துட்டு ஒரு தையல் போட்டு அனுப்பிடலாம். ஒரு தையல். அந்த அம்மா சொன்னது அத்தனையையும் செய்தேன், ஒன்று விடாமல் செய்தேன், சுபிக்கு. குளிப்பாட்டும்போது விரலால் தடவித் தடவிப் பார்ப்பேன், என் கண் பார்க்காததை விரல் பார்க்கும். கிரீம் ட்யூப் கைவிரல் நீளம்தான், விலை யானை விலை. ஒரு ட்யூப் இரண்டு பேருக்குப் போதாது. "நீங்களும் தடவுங்க மச்சான்" என்பாள் பேச்சி. எனக்கு எதுக்கு, தோல் தடித்துப் போச்சு, இனி என்ன என்பேன். அந்த டாக்டரம்மா சுபியைப் பார்த்துத்தான் பேசினாள். நானும் சுபியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே இரண்டு பேர் வெள்ளையாக உட்கார்ந்திருந்தோம் என்பது அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

சுபி ஓடுகிறாள். போன வருஷம்தான் அது எங்களுக்குத் தெரிந்தது. யாருக்கும் சொல்லாமல் சாயங்கால நேரத்தில் பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஓடியிருக்கிறாள், பி.டி. சார் பார்த்துவிட்டு, இவள் மாவட்டப் போட்டிக்கே போவாள் என்று சொல்லிவிட்டார். கோடு சரியாகத் தெரியாதே, எப்படி ஓடுகிறாய் என்று கேட்டேன். "பக்கத்துல ஓடுறவ மூச்சு கேக்கும்ப்பா. அது கேக்காமப் போயிருச்சுன்னா நான் முந்திட்டேன்னு அர்த்தம்." சொல்லும்போது அவள் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். அகலத் தொப்பி காற்றுக்குப் பறந்துவிடுகிறதாம். நாடா தைத்துக் கொடுத்தாள் பேச்சி, நாடா கழுத்தை அறுக்கிறதாம். பந்தயத்துக்குப் பயிற்சி மத்தியானத்துக்கு மேல்தான் நடக்கும், பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் மைதானத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தெரிந்ததும் நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "முடியாது. நீ ஓட வேண்டாம்." அவள் அழவில்லை. என் பக்கத்தில் வந்து, என் காதுக் கட்டின் மேல் விரலை வைத்து, "எனக்கும் இப்படி வருமாப்பா?" என்றாள். நான் என்ன சொன்னேன்? வராது என்றேன். வராது என்றால் ஏன் ஓட வேண்டாம் என்கிறாய் என்று அவள் கேட்கவில்லை. வரும் என்று எப்படிச் சொல்வது, பத்து வயசுப் பிள்ளையிடம்? வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு யாராவது கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், தடவித் தடவிப் பார்க்கிற விரல் வேண்டும். அன்றையிலிருந்து அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சோறு போடட்டுமா என்றால் ம் என்பாள். எனக்கு அப்புறம் யார் அவள் பிடரியைப் பார்ப்பார்கள்? பேச்சி பார்ப்பாள். பேச்சிக்கு நல்ல கண், ஆனால் பேச்சிக்குப் பயம். பயந்தவர்கள் பார்க்க மாட்டார்கள், பார்த்தாலும் கொப்புளம் என்பார்கள். கொப்புளம். கொஞ்ச நேரம் முன்னால் அந்த அம்மாவிடம் சொன்னாளே. ஒருநாள் சுபியின் காதில் சொரசொரவென்று ஒன்று வரும், வலிக்காது, பேச்சி அதைப் பார்த்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சிரிப்பாள். ஒண்ணுமில்ல தாயி. பொங்கல் கழிச்சுப் பாத்துக்கலாம்.

ஊருக்குள் நுழைகிற இடத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். காற்று நின்றது, வெயில் மட்டும் நின்ற இடத்தில் நின்று அடித்தது. கேட்டை ஒட்டித்தான் சுபியின் பள்ளிக்கூடம், என் பக்கத்து ஜன்னலுக்கு நேரே மைதானம். அவள் இப்போது வகுப்பில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு சும்மாதான் திரும்பினேன். எனக்குத் தெரிந்தது ஒரு பழுப்பு வெளி, அதில் கலங்கின மாதிரி நாலைந்து நிழல்கள் ஓடுகின்றன, யார் யார் என்று தெரியாது, ஆணா பெண்ணா என்றே தெரியாது. அதற்கு நடுவில் ஒன்று பளிச்சென்று வெள்ளை. தலையும் வெள்ளை, கையும் வெள்ளை, காலும் வெள்ளை. உலகத்திலேயே தூரத்திலிருந்து என்னால் அடையாளம் காண முடிகிற ஒரே ஆள். "பேச்சி, அது யாரு, நம்ம புள்ளையா?" பேச்சி குனிந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். "இல்ல மச்சான், அது வேற யாரோ. வெள்ளச் சட்ட போட்டிருக்கு." "தலையும் வெள்ளையாத் தெரியுதே." "ரிப்பன் கட்டியிருக்கு. நம்ம புள்ள அந்தா மரத்தடியில ஒக்காந்திருக்கா, தொப்பி போட்டிருக்கா." சிரித்துக்கொண்டே சொன்னாள். டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தபோது இருந்த அதே குரல். நான் அவள் பக்கம் திரும்பினேன். கழுத்து திரும்பாது, உடம்பையே திருப்ப வேண்டும். "பேச்சி, எங்கிட்ட சொன்னதெல்லாம் சரி. நான் ஒண்ணும் கேக்கல. ஆனா அவ விஷயத்துல இப்பிடி எதையும் மறைக்காத. அவகிட்டயும் மறைக்காத. அவ காதுல ஒரு பொட்டு வந்தாலும் பொட்டு வந்திருக்குன்னு சொல்லணும், அன்னைக்கே தூக்கிட்டுப் போகணும். கொப்புளம்னு சொல்லக் கூடாது." அவள் கம்பியைப் பிடித்திருந்த கையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். கம்பியோடு சேர்ந்து அவள் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. முன் சீட்டு ஆள் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி முன்னால் பார்த்துக்கொண்டார். "நாந்தான் ஓடச் சொன்னேன் மச்சான். ராத்திரியெல்லாம் அழுதா. உங்களுக்குத் தெரியாம சார்ட்ட நாந்தான் சொல்லி விட்டேன், தொப்பியோட ஓடட்டும்னு." "தொப்பி போட்டிருக்காளா?" "இல்ல." "டாக்டர் என்ன சொன்னாரு?" அவள் நிமிரவில்லை. கம்பியில் கவிழ்ந்தபடியே சொன்னாள், "இனிமே ஒண்ணுஞ் செய்யறதுக்கில்லன்னுட்டாரு. நெஞ்சுக்குப் போயிருச்சாம்."

நெஞ்சுக்கு. அப்படியா. ஆச்சரியமாக ஒன்றும் இல்லை, யாரோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்ன மாதிரிதான் இருந்தது. அதற்குள் மைதானத்தில் அந்த வெள்ளை ஒரு மூலை வரை போய்விட்டு வளைந்து திரும்பியது. தூரத்தில் ரயில் கூவுகிறது. ரயில் வந்து போனால் கேட்டைத் திறந்துவிடுவார்கள். "எந்திரி" என்றேன். "பையிலருந்து குடையை எடுத்துக்கிட்டு எறங்கு. போய்ப் புள்ளையை நெழலுக்குக் கூட்டிட்டு வா. திட்டாத. ஓட வேண்டாம்னும் சொல்லாத. வெயில் தாழ்ந்தப்புறம் ஓட விடுறீங்களான்னு சார்ட்ட கேளு, நான் கேட்டேன்னு சொல்லு." "நீங்க?" "நான் வீட்டுக்குப் போய்க்கிறேன். ஸ்டாப்பு வந்தா எறங்கத் தெரியாதா எனக்கு?" "ஒங்கள இப்பிடி விட்டுட்டு எப்பிடி மச்சான்." "பேச்சி, போ." அவள் எழுந்தாள். இரண்டு அடி போனவள் திரும்பி வந்து, மடித்துவிட்டிருந்த என் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கி, பொத்தானைத் தேடிப் போட்டாள். அவள் விரல் பட்ட இடமெல்லாம் எரிந்தது. எரிகிறது என்று நான் சொல்லவில்லை. இறங்கிப் போய்விட்டாள். ரோட்டில் இறங்கினதும் அவளும் எனக்குக் கலங்கிவிட்டாள், வண்டிகளுக்கு நடுவில் எது பேச்சி என்று தெரியவில்லை, அப்புறம் குடை விரிந்தது, கறுப்பாக ஒரு வட்டம், அதை வைத்துப் பிடித்துக்கொண்டேன். மைதானத்து வாசலில் கொஞ்சம் நின்றது, உள்ளே போனது, பழுப்பில் மெதுவாக நகர்ந்தது. வெள்ளை நிற்கவில்லை. அது பாட்டுக்கு அடுத்த சுற்றில் போய்க்கொண்டிருந்தது, பின்னால் யாருமே இல்லாத மாதிரி அவ்வளவு வேகமாக. ரயில் தடதடவென்று போயிற்று, பஸ் ஜன்னலெல்லாம் நடுங்கின, கேட் ஏறியது. கறுப்புக் குடை அந்த வெள்ளையின் பக்கத்தில் போவதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டு கழுத்தைத் திருப்பப் பார்த்தேன், திரும்பவில்லை, மைதானம் போய் மதில் வந்தது, மதில் போய் மரக்கடை வந்தது. கண்டக்டர் பையை அணைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். "என்ன சார், கூட வந்த அம்மா எறங்கிட்டாங்க? பஸ் ஸ்டாண்டுக்கு ரெண்டு டிக்கெட்டுல்ல எடுத்தீங்க?"

"இல்லங்க" என்றேன். "நான் மட்டுந்தான் போறேன்."